தணிகாசலத்தின் வலது காது

எங்கள் வெள்ளைக்கல்மேட்டில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்தில் இருந்தான், இல்லையென்றால் பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்தான், இரண்டும் இல்லையென்றால் அந்த வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படமாகத் தொங்கினான். திரும்பியவர்களில் பாதிப் பேர் எதையாவது அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள், ஒருவன் கால் விரல்களை, ஒருவன் இடது கண்ணை, ஒருவன் தூக்கத்தை. விட்டுவந்ததற்கு ஊன ஓய்வூதியம் உண்டு என்பது சட்டம். அதைத் தராமல் இருக்க ஒரு வாக்கியமும் உண்டு என்பது எங்கள் அனுபவம். "படைப்பணியால் வந்ததுமல்ல, படைப்பணியால் கூடியதுமல்ல." மருத்துவக் குழு இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, பிறகு பட்டணத்துத் தீர்ப்பாயம் என்று படியேற வேண்டும். எங்கள் ஊரில் இந்த வாக்கியம் தெரியாத குழந்தை கிடையாது. பால் திரிந்தாலும், மாடு வயிறு உப்பிப் படுத்தாலும், வந்ததுமல்ல கூடியதுமல்ல என்று சொல்லித்தான் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

படியேறுகிறவர்களுக்கு மனு எழுதுகிறவன் நான். ஜம்புலிங்கம், ஓய்வுபெற்ற ராணுவ கிளார்க். இருபத்திநான்கு வருஷம் மற்றவர்களுடைய காயங்களைத் தட்டச்சு செய்தவன், எனக்கு ஒரு கீறல் கிடையாது, அதைச் சொல்லிக் காட்டாத ஆளும் ஊரில் கிடையாது. நாற்பத்திரண்டு பேருக்கு எழுதினேன், பதினொரு பேர் ஜெயித்தார்கள். லீவில் வந்து நாய் கடித்தவன் ஜெயித்தான், பனியில் நின்று விரல் கறுத்தவன் தோற்றான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், தீர்ப்புக்கும் மழைக்கும் காரணம் கேட்கிற வழக்கத்தை நான் விட்டு ரொம்ப நாளாகிறது.

தணிகாசலத்தின் மனு மட்டும் ஒன்பது வருஷம் என்னை விடவில்லை. அவன் பீரங்கிப் படையில் இருந்தவன், பதினாறு வருஷம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு காதையும் பறிகொடுத்தவன். சாப்பாட்டுக்குச் சாதாரண ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது, தனிக்கட்டை, அதற்கு மேல் செலவுக்கும் வழி தெரியாத ஆள். அவனுக்கு வேண்டியிருந்தது பணம் இல்லை, ஒரு தேதி. எந்தத் தேதியிலிருந்து காது கேட்கவில்லை என்று அரசாங்கம் தன் கையால் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.

ஏனென்றால் அவனோடு அதே ஊர், அதே வகுப்பு, அதே படைப்பிரிவு என்று கூடவே போன எத்திராஜ், ஒரு ஐப்பசி மாதம் மலைப்பாதையில் அவனுக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்தபோது, பாறை சரிந்து விளிம்பில் தொங்கி, கடைசியில் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். எதிர்ச் சரிவில் நின்ற வேறொரு சிப்பாய் அதைப் பார்த்தான். துக்கம் கேட்க ஊருக்கு வந்தபோது, எத்திராஜின் மனைவி நவநீதத்திடம் அவன் சொல்லிவிட்டுப் போனான், கூப்பிட்டான் கூப்பிட்டான், முன்னால் போனவன் திரும்பியே பார்க்கவில்லை என்று. அதற்கு அடுத்த மாதம் தணிகாசலத்துக்கு நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நவநீதம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், அவன் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான் நடந்தாள்.

காதுதான் கேட்கவில்லையே, எப்படித் திரும்புவான் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் எழுதினேன். ஆனால் எத்திராஜ் விழுந்ததற்கு மூன்று வாரம் முன்னால் நடந்த வருடாந்திர உடற்சோதனையில், இரண்டு காதும் இருபதடி தூரத்துக் கிசுகிசுப்பைக் கேட்கின்றன என்று பதிவாகியிருக்கிறது. அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று பட்டாளத்துக்காரனுக்குத் தெரியும். டாக்டர் முதுகுக்குப் பின்னால் இருபதடியில் நின்று ஓர் எண்ணை மெல்லச் சொல்வார், நீ அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவனை உடல்தகுதியில் கீழ் வகுப்புக்குத் தள்ளுவார்கள், ஹவில்தார் பதவி போகும், வேறு இடத்துக்கு மாற்றுவார்கள், சேக்காளியை விட்டுப் பிரிய வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வலியை மறைப்பார்கள், காய்ச்சலை மறைப்பார்கள், காதையும் மறைப்பார்கள். அன்றைக்குத் தணிகாசலத்துக்கு எதிரே வரிசையில் நின்று, டாக்டர் சொன்ன எண்ணை விரல் விட்டுக் காட்டியவன் எத்திராஜ். நாற்பத்தேழு என்றால் நாலு விரல், பிறகு ஏழு விரல். தணிகாசலம் அதைப் பார்த்துச் சொன்னான், டாக்டர் எழுதிக்கொண்டார்.

ஆக, பதிவேட்டின்படி எத்திராஜ் கூப்பிட்ட நாளில் தணிகாசலத்துக்குக் காது கேட்டது. இரண்டு மாதம் கழித்து லீவில் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் செவிடு தொடங்கியதாம், வந்ததுமல்ல கூடியதுமல்ல. பித்தலாட்டம் செய்தேன் என்று அவனே எழுதிக் கொடுத்தான். பதிவேட்டுக்கு எதிராக உன் வாய்ப்பேச்சு நிற்காது, சாட்சி எங்கே என்றார்கள். சாட்சிதான் பள்ளத்தில் கிடந்தானே. முதல் மேல்முறையீடு தள்ளுபடி, இரண்டாவதும் தள்ளுபடி.

இது இப்படியிருக்க, ஓர் ஆவணி மாதம் அவனுடைய வலது காது பேச ஆரம்பித்தது.

முதலில் கேட்டவர் சலூன்காரர் முனிரத்தினம். கிருதாவை ஒதுக்கக் குனிந்தபோது, காதுக்குள்ளிருந்து தன்னுடைய குரலே, மச்சான் தன் பங்கு நிலத்தை அமுக்கிவிட்டதைப் பற்றிப் போன மாதம் அவனிடம் புலம்பியதை, ஒரு சொல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் கத்தரியை நிறுத்தவில்லை. வெட்டி முடித்து, பவுடர் போட்டு, துணியை உதறிவிட்டு, வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நான்கு நாளில் அதன் முறையும் தெரிந்துவிட்டது. அவன் காது செத்த நாளிலிருந்து அவனிடம் சொல்லப்பட்டு உள்ளே போக முடியாமல் நின்றுபோன சொற்கள் எல்லாம் அங்கே தங்கியிருக்கின்றன. யார் சொன்ன சொல்லோ அவருக்கு மட்டும் கேட்கும், அவர் உயிரோடு இல்லையென்றால் அவர் வீட்டாருக்குக் கேட்கும், மற்றவர் காதை வைத்தால் வெறும் காதுதான். ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தச் சொல் அங்கிருந்து போய்விடும், மறுபடி வராது.

சுவருக்கும் காது உண்டு, தணிகாசலத்துக்கு இல்லை என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்த தைரியத்தில் ஒன்பது வருஷமாக ஆளாளுக்கு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாமியாரைத் திட்டினார்கள், கள்ள உறவைச் சொன்னார்கள், பங்காளி செத்தால் தேவலை என்றார்கள், அவன் தலையைத் தலையை ஆட்டினான், பாரம் இறங்கியது என்று எழுந்து போனார்கள். இப்போது அவரவர் சொல்லை அவரவர் திரும்ப எடுத்துக்கொண்டு போக வந்தார்கள். இனிப்புப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். தள்ளுமுள்ளு வந்ததால் பஞ்சாயத்து கூடி, செவ்வாய் வெள்ளி பெண்களுக்கு, மற்ற நாள் ஆண்களுக்கு, ஞாயிறு காதுக்கு விடுமுறை என்று வைத்தது. செத்தவர்களின் பிள்ளைகள் வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். ரேஷன் கடை துரைக்கண்ணுவின் மகள், அப்பா செத்து நாலு வருஷம் ஆனவள், காதை வைத்துக் கால் மணி நேரம் நின்றாள், பிறகு தணிகாசலத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவனோ பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான். மடியில் சிலேட்டும் பல்பமும் இருக்கும். அவனுக்குப் பேச வரும், எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்றுதான் தெரியாது, அதனால் பேசுவதில்லை. மற்றவர்கள் சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுத வேண்டும், வாய் பார்த்துப் புரிந்துகொள்ளும் வித்தை அவனுக்கு வரவில்லை, எங்கள் ஊர் மீசைகள் அப்படி. அவன் தோளில் கன்னம் படுகிற அளவுக்கு நெருங்கி நின்று ஒருவர் சிரிப்பார், ஒருவர் அழுவார். என்ன கேட்டது என்று அவன் சிலேட்டை நீட்டுவான். ஒருவர்கூட எழுதியது கிடையாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்பது வருஷமாக அவனைத் தொடாத ஊர் இப்போது நாள் முழுக்க அவனைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம் கம்பத்தைப் பிடித்துக்கொள்வதைப் போலத்தான் தொட்டது.

ஊரே தன் தன் சொல்லை எடுத்துக்கொண்டிருந்தபோது நான் கிளார்க் மாதிரி யோசித்தேன். உள்ளே போகாத சொல்தான் காதில் தங்கும் என்றால், எத்திராஜின் கூப்பாடு அங்கே இருக்க வேண்டும். அது அங்கே இருந்தால், அன்றைக்கு அது உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பதிவேட்டை உடைக்க அதைவிட வேறென்ன வேண்டும்? தீர்ப்பாயத்துக்கு எழுதிய மனுவில் பதினான்காம் பத்தியாக இதைச் சேர்த்தேன். வக்கீல் வைக்கவில்லை, கூட நின்று பேச எனக்கு அனுமதி கொடுத்தார்கள். நீதிபதி அந்தப் பத்தியை நிதானமாகப் படித்தார். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற படை அதிகாரி, அந்தக் காது பஸ் பயணம் தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றேன். காது மனுதாரருடையது என்பதால் அதை அப்படியே நம்ப முடியாது என்றார்கள். இறந்தவரின் வீட்டார் நேரில் வந்து, எங்கள் முன்னால் முதன்முறையாகக் கேட்டு, கேட்டதைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டு, புரட்டாசியில் ஒரு தேதி கொடுத்தார்கள்.

எத்திராஜுக்கு அப்பா அம்மா இல்லை, பிள்ளையும் இல்லை. வீட்டார் என்றால் நவநீதம் ஒருத்திதான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளைப் பார்த்தேன். முட்டைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் உத்தரவைப் படித்துக் காட்டினேன், சட்டம் சொன்னேன், தேதி சொன்னேன், பஸ்ஸுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அவள் கடைசி முட்டையை வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"கோர்ட்டுல, அத்தினி பேரு வாயப் பாத்துனு நிக்கற எடத்துலயா சார், எங்க வூட்டுக்காரரு கொரல நான் கேக்கணும்? கேட்டது போயிடுமாமே. திரும்ப வராதாமே."

ஆமாம் என்றேன்.

"அப்ப வரல சார். எனக்கு அந்த ஒண்ணுதான் மிச்சம்."

நான் கோபமாகத் திரும்பி வந்தேன். ஒன்பது வருஷம், மூன்று படி, எத்தனை கட்டுக் காகிதம். தணிகாசலத்தின் சிலேட்டில் பல்பம் உடைய எழுதினேன், அவள் வரமாட்டாளாம், கோர்ட்டில் கேட்க முடியாதாம் என்று. அவன் படித்தான். உள்ளங்கையால் துடைத்தான். தெருக்கோடிக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னான்.

"அவங்க வூட்லயே கேக்கட்டும் சார்."

வீட்டில் கேட்டால் போய்விடும், கோர்ட்டில் வெறும் காதோடுதான் நிற்க வேண்டும், மனு செத்தது என்று எழுதினேன். அவன் தலையாட்டினான். புரிந்ததா என்று பெரிதாக எழுதினேன். எழுத்தைத் துடைத்துவிட்டு, நாளைக்கே போகலாமா என்று கேட்டான். அவனைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு, காதுக்கு விடுமுறை. பதினோரு மணி வெயிலில் இரண்டு பேரும் போனோம். நவநீதம் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன், இங்கேயே கேட்டுக்கொள்ளலாம், அவனுக்கு வழக்கு போகும், தெரிந்துதான் வந்திருக்கிறான் என்றேன். அவள் எழுந்து கையைக் கழுவினாள், முகத்தைக் கழுவினாள், நெற்றியைத் துடைத்தாள், எத்திராஜின் படத்துக்குக் கீழே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்து தலையைச் சாய்த்தான். அவள் குனிந்து தன் காதை அவன் வலது காதில் வைத்தாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, முறையே அதுதானே. பக்கத்து வீட்டு டிவி சத்தம்தான் கேட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முதலில் அது ஒரு புதுப்பெண்ணின் முகமாக மலர்ந்தது, நான் வெட்கப்பட்டுப் பார்வையைத் திருப்ப இருந்தேன். பிறகு ஒவ்வொரு முறையும் ஏதோ வந்து விழ விழ, அவள் உதடு ஒவ்வொன்றாக எண்ணுவதைப் போல அசைந்தது. பிறகு அவள் எதற்கோ காத்திருந்தாள். காத்திருந்தது வரவில்லை என்று தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிஷம் ஆகியிருந்தது, அவள் இன்னும் நாலு நிமிஷம் அப்படியே நின்றாள், காலியான காதோடு காதை வைத்துக்கொண்டு.

நிமிர்ந்தபோது அவன் சிலேட்டை நீட்டிக்கொண்டிருந்தான். இத்தனை நாளாக யார் யாரிடமோ நீட்டி யாரும் எழுதாத சிலேட்டு. அவள் வாங்கினாள். சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிற நல்ல உருண்டைக் கையெழுத்து அவளுக்கு.

"கூப்பிடவே இல்லை. பாறை விழுந்த சத்தம் மட்டும்தான், உடனே முடிந்துவிட்டது. அந்த ஆள் தூரத்திலிருந்து தப்பாகப் பார்த்திருக்கிறான்."

அவன் அதை மூன்று முறை படித்தான். "நெஜமாவா?" என்றான், அடித்தொண்டையில், கேட்கக்கூட இல்லை. அவள் நேராக அவன் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினாள். அவன் சிலேட்டை மார்பில் அணைத்துக்கொண்டு அழுதான், வாய்விட்டு, பச்சைக் குழந்தையின் சத்தத்தில், அந்தச் சத்தம் எவ்வளவு பெரியது என்று தெரியாமல் அழுதான். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, சிலேட்டைத் துடைக்காமல் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

நான் செருப்பை மாட்டும்போது அவள் கூப்பிட்டாள்.

"பதினாலு தபா சார். தணிகா தணிகான்னு பதினாலு தபா. பாவம், இவரு காதுல போவவே இல்ல, அப்டி அப்டியே கெடந்துது."

சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"என் பேரு ஒருக்கா கூட வரல சார்."

அந்தச் சமயத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதை நான் சொல்லவில்லை. என்னுள் இருந்த கிளார்க்தான் பேசினான். பதினான்கு முறையா, இதை அப்படியே சத்தியக் கடுதாசியில் எழுதிக் கொடுங்கள், கோர்ட்டில் ஒருமுறை சொல்லுங்கள், வீட்டில் கேட்டதானாலும் வாதாடிப் பார்க்கிறேன், ஜெயித்துவிடலாம் என்றேன்.

"ஜெயிச்சா இன்னா எழுதுவாங்க?"

"இறந்தவர் பதினான்கு முறை கூப்பிட்டார், மனுதாரருக்குக் கேட்கவில்லை என்று எழுதுவார்கள்."

"அத அவரு படிப்பாரா?"

"அவன் பேருக்குத்தானே வரும். படிப்பான்."

"அப்ப வாணாம் சார்," என்று சொல்லிவிட்டு முறத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கல் பொறுக்கவில்லை, சும்மா அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கூடத்தில் எத்திராஜ் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி அவளிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நின்றேன், பிறகு மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் தெருவில் அவன் எதிரே வந்தால் அவள் ஒதுங்கிப் போவதில்லை. நின்று, தலையாட்டிவிட்டுப் போவாள். ஊர் அதையும் மூன்று நாள் பேசிவிட்டு விட்டுவிட்டது. காதில் அவரவர் சொல் தீரத் தீரக் கூட்டமும் குறைந்தது, பஞ்சாயத்து முறை வைத்ததை மறந்துபோனது, பிளாஸ்டிக் நாற்காலியை யாரோ கல்யாணத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இனிமேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் எதையும் சொல்லமாட்டார்கள், சொன்னால் தங்கிவிடும் என்று பயம். அவன் முன்பைவிடத் தனியாகத்தான் இருந்தான், ஆனால் நன்றாகத் தூங்குகிறேன் என்று என்னிடம் கத்திச் சொன்னான்.

புரட்டாசியில் தீர்ப்பாயத்தின் முன்னால் நின்றேன். காது காலியாகிவிட்டது ஐயா, மனுதாரர் அதை வீட்டிலேயே கேட்கக் கொடுத்துவிட்டார் என்றேன். கேட்டவர் சாட்சி சொல்வாரா என்றார்கள். சொல்லமாட்டார் என்றேன். என்ன கேட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று அந்தப் படை அதிகாரி என்னைக் கேட்டார். நாற்பத்திரண்டு மனுவில் ஒரு பொய் எழுதாத நான், தெரியாது ஐயா என்றேன்.

ஐப்பசி பிறந்து தபாலில் உத்தரவு வந்தது. தமிழில் எழுதிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன், சிலேட்டு போதாது என்று ஒரு முழுத்தாளில் எழுதியிருந்தேன். மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. சம்பவ நாளில் மனுதாரரின் இரு செவிகளும் நன்கு கேட்டன என்பதே பதிவேடு. இதில் தலையிட முகாந்திரம் இல்லை. இந்தத் தாளுக்காகத்தான் ஒன்பது வருஷம் அவன் என் வாசலில் நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன்.

அவன் கடைசி வரி வரைக்கும் படித்தான். மடித்து என்னிடமே கொடுத்தான். என்னைத் தேற்றுகிறவனைப் போல என் தோளில் கையை வைத்தான்.

"வுடு சார். காது கேட்டுச்சுன்னே எழுதிக்கட்டும். கூப்ட்டாதான சார் கேக்கறதுக்கு," என்று சிரித்தான்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.